கண்ணாடி சொன்னது, கை சொன்னது

1996ஆம் ஆண்டு ஜூன் 18, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். ஐந்தேகாலுக்குக் குளியல். ஐந்தரைக்குப் பால் கலக்காத தேத்தண்ணியும் நான்கு பிஸ்கட்டும். லுக்குட் என்ற சிற்றூரில் நான் குடியிருந்த வீட்டிலிருந்து ஆறு பத்துக்குப் புறப்பட்டு, இன்னும் திறக்காத கடைகளைத் தாண்டி, ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்தேன். தோட்டத்து முச்சந்தியில் இறங்கியபோது ஆறு ஐம்பத்திரண்டு. அங்கிருந்து பட்டறைக்குப் பதினோரு நிமிட நடை. அன்று பதினான்கு நிமிடம் ஆனது. மாடுகள் பாதையை அடைத்துக்கொண்டு நின்றன.

இவையெல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. இருபத்து மூன்று வயதில் எழுதத் தொடங்கியது. ஒரு நாள்கூட விட்டதில்லை. அந்த நாளுக்கு மட்டும் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். மற்ற நாள்களுக்கு அரைப் பக்கம் தாண்டாது.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. தோட்ட நிறுவனத்தின் பட்டறையில் வரைபடக் கிராணி. இயந்திர உதிரிகளை அளந்து, தாளில் வரைந்து, எண் போட்டு அடுக்குவது என் வேலை. கம்ப்யூட்டர் வந்த பிறகு அதையே திரையில் செய்தேன். அப்படித்தான் அந்த ஆண்டு ஒரு புதிய பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

ரப்பர் பால்மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட தோட்டம் எங்களுடையது. மரத்திலிருந்து அறுத்துத் தள்ளிய குலைகளை ஆள்கள் குத்தித் தூக்கி வண்டியில் போடுவார்கள். ஒரு குலை இருபது, இருபத்தைந்து கிலோ. இந்த வேலையை ஓர் இரும்புக் கைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது மேலிடத்து விருப்பம். சின்ன டிரெக்டர் ஒன்றின், அதாவது டிராக்டரின், முதுகில் மூன்று மூட்டுள்ள கையைப் பொருத்தி, ஒவ்வொரு மூட்டும் எவ்வளவு வளைய வேண்டும் என்பதைக் கணக்கிட ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியும் வைத்தார்கள். ஆள்கள் முதல் நாளே அதற்குத் ‘தும்பிக்கை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தத் தும்பிக்கை டிரெக்டரை ஓட்டத் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என் தம்பி. என்னைவிட ஏழு வயது இளையவன். பால்மரம் இருந்தவரை மரத்தைக் கீறிப் பால் எடுத்தான். செம்பனை வந்ததும் நீளக் கம்பில் அரிவாள் கட்டிக் குலை அறுத்தான். இரண்டே வருடத்தில் வலது தோள் போய்விட்டது. கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பரிதாபப்பட்டு டிரெக்டரில் ஏற்றிவிட்டார். தும்பிக்கை வெற்றி பெற்றால் அந்த இருக்கை அவனுக்கு நிரந்தரம். இல்லையென்றால் டிரெக்டர் வேறு தோட்டத்துக்குப் போய்விடும், அவன் மறுபடி கம்பைப் பிடிக்க வேண்டும். மறுநாள், பத்தொன்பதாம் தேதி காலை ஏழரைக்கு, படி வெட்டிய மேட்டுக்காட்டில் வெள்ளோட்டம் என்று தேதி குறித்திருந்தார்கள்.

இனி என் பொறுப்பைச் சொல்கிறேன்.

இயந்திரத்தை மேட்டில் ஏற்றுவதற்கு முன் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிப் பார்க்கலாம் என்றார் எங்கள் இன்ஜினியர். சிரம்பான் நகரத்துப் பையன், இருபத்தெட்டு வயது, படித்து முடித்து நேராக எங்களிடம் வந்தவர். எடை, உயரம், உராய்வு எல்லாவற்றையும் கொடுத்தால், பொருள்கள் நிஜத்தில் எப்படி விழும், உருளும், மோதும் என்று கணக்கிட்டுக் காட்டும் மென்பொருள்கள் அப்போது வரத் தொடங்கியிருந்தன. இரண்டு கம்பெனிகள் சோதனைக்காக ஆளுக்கொரு பிரதி கொடுத்திருந்தன. எதை வாங்குவது என்று ஒப்பிட்டு எழுதித் தர வேண்டும். “கிராணியம்மா கைக்குப் போனா ஒரு புள்ளி தப்பாது” என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்.

முதலாவது, தலையில் கவசம்போல் மாட்டிக்கொள்ளும் கண்ணாடியோடு வந்தது. மாட்டினால் தோட்டம் மாதிரி ஒன்று நம்மைச் சுற்றி விரியும். தலையைத் திருப்பினால் மரங்களும் திரும்பும். பச்சை கொஞ்சம் கூடுதல், மரத்தின் நிழலைக் காணோம், ஆனாலும் உள்ளே நிற்பதுபோலவே இருக்கும். இரண்டாவதில் படம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கம்பிகளால் கட்டிய எலும்புக்கூடு மாதிரி ஓர் உருவம், பக்கத்தில் எண்களின் வரிசை. தொழிற்சாலைகளில் இயந்திரக் கைகளைச் சோதிக்க எழுதப்பட்டதாம். முன்னதை நாங்கள் ‘கண்ணாடி’ என்றும் பின்னதைக் ‘கை’ என்றும் அழைத்தோம்.

ஆறு வாரம் இரண்டையும் ஒரே கேள்விகளால் சோதித்தேன். முதலில் ஊசல். ஒரு கயிற்றில் குண்டைக் கட்டி ஆட விட்டால் காற்றும் உராய்வும் இல்லாத இடத்தில் அது ஓயவே கூடாது. கையில் ஓயவில்லை, ஆயிரம் ஆட்டம் வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். கண்ணாடியில் நாற்பதாவது ஆட்டத்தில் களைத்துப்போய் நின்றுவிட்டது. அடுத்தது, பெட்டிமேல் பெட்டியாக ஆறு பெட்டி. கண்ணாடியில் அழகாக அசையாமல் நின்றன. அசைவு மிகக் குறைந்தால் அந்தப் பொருளைத் தூங்க வைத்துவிடுவதும், பிறகு யாராவது தொடும்வரை அதைக் கணக்கில் எடுக்காமல் இருப்பதும் அதன் வழக்கம். கையிலோ பெட்டிகள் குளிர்காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கின. கணக்கின் நேரப் படியைச் சின்னதாக்கினால் நடுக்கம் நிற்கும், ஆனால் பத்து விநாடி நடப்பதைக் காட்ட ஐம்பது நிமிடம் எடுத்துக்கொள்ளும். கண்ணாடி பத்து விநாடியைப் பத்து விநாடியில் காட்டும். அதற்காகத்தான் அது பிறந்ததே. மனிதன் தலையைத் திருப்பும்போது கணக்குக்காகக் காத்திருக்க முடியாதே.

மேனேஜர் ஒருநாள் வந்து கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். இல்லாத குலையைப் பிடிக்கக் கையை நீட்டி என் மேசை விளக்கைத் தட்டிவிட்டார். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. என் தம்பிக்கும் பிடித்தது. இரண்டு வாரம், தினம் வேலை முடிந்து ஒரு மணி நேரம், கண்ணாடிக்குள் தும்பிக்கை ஓட்டப் பழகினான்.

“அக்கா, உள்ள கொசுவே இல்லலா. நான் அங்கேயே குடி போயிருவேன்.”

“உன் பொண்டாட்டிகிட்ட சொல்லவா?”

“சொல்லிடாத. அவளும் வந்துருவா.”

டிரெக்டர் முழுவதையும், தும்பிக்கையோடும் சக்கரத்தோடும் சரிவோடும், இரண்டு மென்பொருளிலும் ஏற்றி முடித்தது திங்கள்கிழமை மாலைதான். கண்ணாடி உடனே பதில் சொன்னது: பன்னிரண்டு டிகிரிச் சரிவில், தும்பிக்கையைப் பள்ளத்துப் பக்கம் முழுக்க நீட்டிக் குலையோடு தூக்கினாலும் ஒன்றும் ஆகாது. கையின் கணக்கை ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு ஆறுக்குப் பட்டறைக் கதவைத் திறந்தேன். கம்ப்யூட்டர் மேலிருந்த துணியை எடுத்தேன். கம்பி உருவம் பக்கவாட்டில் கிடந்தது.

பதிவாகியிருந்ததை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். மெல்ல மெல்லச் சரிவு கூடிக்கொண்டு போயிற்று. ஒன்பது, பத்து. பதினொன்றில் மேட்டுப் பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டது. பிறகு நின்று யோசிப்பதுபோல் ஒரு கணம், அப்புறம் முழு டிரெக்டரும் கவிழ்ந்தது. இருக்கை இருக்கும் இடத்தில் அறுபத்தெட்டு கிலோ எடையுள்ள ஒரு சின்னக் கட்டத்தை வைத்திருந்தேன். அது என் தம்பி. கட்டம் டிரெக்டருக்கு அடியில் இருந்தது.

வெள்ளோட்டம் நடக்கப்போகும் மேட்டின் சரிவு வரைபடத்தில் பன்னிரண்டு டிகிரி.

இன்ஜினியர் ஏழரைக்கு வந்தார். குனிந்து திரையைப் பார்த்தார்.

“கண்ணாடி நிக்குதுன்னு சொல்லுது. கை விழுதுன்னு சொல்லுது. நாலு மணிக்குள்ள நான் கையெழுத்துப் போட்டு ஆபீசுக்கு அனுப்பணும், கிராணியம்மா. எதை நம்புறது?”

“விழுறதத்தான் நம்பணும்.”

“அப்படின்னா வெள்ளோட்டம் இல்ல. டிரெக்டரக் கெமாஸ் தோட்டத்துக்கு அனுப்பிருவாங்க. உங்க தம்பி…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

நான் ஒன்று செய்து பார்க்கலாம் என்றேன். கண்ணாடியில் சரிவைக் கூட்டிக்கொண்டே போனோம். இருபது, முப்பது. நின்றது. நாற்பத்தைந்திலும் நின்றது. இன்ஜினியர் சிரித்துவிட்டார்.

“செவுத்துப் பல்லி!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பல்லியில்தான் என் தம்பி இரண்டு வாரம் பழகியிருக்கிறான். கண்ணாடியோடு வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து மீண்டும் படித்தோம். ஐம்பத்தொன்பதாம் பக்கத்தில், சின்ன எழுத்தில், சக்கரங்கள் எப்போதும் தரையோடு பிடித்து வைக்கப்படும் என்று போட்டிருந்தது. வண்டி குலுங்கினால் கண்ணாடி மாட்டியவருக்குத் தலை சுற்றும் என்பதற்காகவாம். முன்பு படித்தபோது அந்தப் பக்கத்தை நான் தாண்டிப் போயிருக்கிறேன். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அப்படியானால் கைதான் சரி. என் ஒப்பீட்டு வேலையைப் பொறுத்தவரை அத்தோடு தீர்ந்தது. அறிக்கையின் கடைசி வரியைக்கூட மனத்தில் எழுதிவிட்டேன். ஆனால் அந்த வரியை எழுதினால் என் தம்பியின் தோளுக்கு என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பது திரையில் கிடந்தது.

பன்னிரண்டரைக்கு டிரெக்டர் கொட்டகைக்குப் போனேன். தம்பி சாப்பிட்டு முடித்து, டிரெக்டரின் நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தான்.

“என்னாக்கா, வெயில்ல நடந்து வர்ற? பசியாறியாச்சா?”

“மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல காலைப் பசியாறலக் கேக்குற. ஒரு விஷயம் சொல்லணும். நாளைக்கு வெள்ளோட்டம் இருக்காது.”

அவன் முகம் சுருங்கியது. எழுந்து நின்றான்.

“யாரு சொன்னா?”

“நான்தான் சொல்றேன். பதினோரு டிகிரிலயே கவுந்துருது.”

“கம்ப்யூட்டருக்குள்ளயா?”

“ஆமா.”

“நான் கண்ணாடிக்குள்ள எத்தன தடவ நெம்பிய வெட்டி இழுத்திருக்கேன். ஒரு தடவ விழுந்திருக்கா?”

“அது விழவே விழாது. செவுத்துல ஏத்தினாலும் நிக்கும். அதுல பழகினத மறந்துரு.”

“நல்லா இருக்குலா கத! ரெண்டு வாரம் பழகுன்னு சொன்னதும் நீங்கதான், மறன்னு சொல்றதும் நீங்கதான். இங்க பாருக்கா, கண்ணாடியும் வேணாம், கையும் வேணாம். நான் இத அஞ்சு மாசமா ஓட்டுறேன். இது கவுறாது. பின்னால கனம் கெடக்கு.”

“என்ன கனம்?”

“டயர்ல.”

“டயர்ல காத்துதானே இருக்கும்?”

அவன் என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. எங்கள் அப்பா செத்த அன்றுகூட அவன் என்னை அப்படிப் பரிதாபமாகப் பார்த்ததில்லை. பின்சக்கரத்தைக் கையால் ஓங்கித் தட்டினான். காற்று நிறைந்த டயர் எழுப்பும் சத்தம் வரவில்லை. நிறைந்த குடத்தைத் தட்டியதுபோல் ‘கும்’மென்று அடங்கியது.

“தண்ணி. முக்கா டயருக்குத் தண்ணி. மேட்டுக்காட்டுல ஓட்டுற எல்லா டிரெக்டர்லயும் அப்படித்தான். காத்து மட்டும் அடிச்சு ஓட்டினா சறுக்கும், துள்ளும். டாங்கிலேர்ந்து டியூப்ப மாட்டி நானே ஏத்துவேன். நீ எத்தனயோ தடவ பாத்திருக்க.”

பார்த்திருக்கிறேன்தான். கொட்டகை ஓரத்தில் குழாயோடு சக்கரத்தின் பக்கத்தில் அவன் குந்தியிருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கழுவுகிறான் என்று நினைத்தேன். சேறு அப்படியே இருக்கிறதே, என்ன கழுவுகிறான் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை.

தோட்டத்து டிரைவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டு செய்யும் காரியம் இது. வண்டிப் புத்தகத்தில் எண்ணெய்க்கு இடம் உண்டு, டயர் மாற்றியதற்கு உண்டு, தண்ணீருக்கு இல்லை. இன்ஜினியர் ஊருக்குப் புதுசு. நானோ டிரெக்டரின் எடையைத் தயாரித்தவர்கள் அச்சடித்த தாளிலிருந்து எடுத்தேன். அந்தச் சக்கரங்களை என் கையால் வரைந்தேன், விட்டத்தை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று, அதை ஓட்டுகிறவனிடம், என் கூடப் பிறந்தவனிடம், கேட்கவில்லை. கை சொன்ன பதில் சரியான பதில்தான். நான்தான் தோட்டத்தில் இல்லாத வேறொரு டிரெக்டரைப் பற்றி அதைக் கேட்டிருந்தேன்.

“ஏறு. எடை போடணும்” என்றேன்.

“யார?”

“டிரெக்டர.”

செம்பனை ஆலையின் லோரி எடைமேடை ஒன்றரை மைல் தூரத்தில் இருந்தது. தம்பி ஓட்ட, நான் மண்டோரிடம் சொல்லிவிட்டு அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டு போனேன். எடைமேடையில் இருந்தவர் தும்பிக்கையை மேலும் கீழும் பார்த்தார்.

“என்னாக்கா, யானய விக்கப் போறீங்களா?”

“எடைய மட்டும் சொல்லுங்க.”

தம்பி இறங்கிய பிறகு, தும்பிக்கையோடு சேர்த்து ஆயிரத்து எண்ணூற்று எழுபது கிலோ. என் தாளில் அதையும் சேர்த்து இருந்தது ஆயிரத்து அறுநூற்றுப் பத்து. இருநூற்று அறுபது கிலோ தண்ணீர், இரண்டு பின்சக்கரத்திலும் பாதிப் பாதி. எடைமேடையில் நின்றபடியே எழுதினேன். அவசர எழுத்து. அந்தப் பக்கத்தில் ஏழு என்ற எண் ஒன்றுபோல் இருக்கிறது.

ஒன்று ஐம்பதுக்குப் பட்டறைக்குத் திரும்பினோம். ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் நூற்று முப்பது கிலோவைச் சேர்த்துக் கையின் கணக்கை ஓட விட்டேன். ஐம்பது நிமிடம் ஆகும். இன்ஜினியர் திரைக்கு முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் வேண்டாம் என்றேன்.

“அது சொல்றதுக்கு முன்னால டிரெக்டரக் கேட்டுப் பாப்போம்.”

“டிரெக்டரயா?”

“சாய்ச்சுப் பாப்போம். இங்கேயே.”

பட்டறை உத்தரத்தில் எஞ்சின் தூக்கும் சங்கிலிக் கப்பி தொங்கும். பள்ளத்துப் பக்கமாகக் கணக்கிட்ட இடதுபக்கச் சக்கரங்களுக்கு மரக்கட்டை அண்டை கொடுத்தோம். வலதுபக்கப் பின் அச்சில் சங்கிலியை மாட்டினோம். டிரெக்டர் ஒரேயடியாகச் சாய்ந்துவிடாமல் இருக்க, வலப்பக்கத் தூணிலிருந்து கம்பிவடம் ஒன்றைக் கொஞ்சம் தொய்வோடு கட்டினோம். தும்பிக்கையை இடப்பக்கம் முழுதாக நீட்டி, இருபத்திரண்டு கிலோக் குலை ஒன்றைக் கவ்வ வைத்தோம். இருக்கையில் தம்பி உட்கார வந்தான். நான் விடவில்லை. ஐம்பது கிலோ உரமூட்டை ஒன்றையும் பதினெட்டு கிலோவுக்கு மண் அள்ளிய வாளி ஒன்றையும் இருக்கையில் வைத்துக் கட்டினேன்.

“அப்ப நான் ஒரு மூட்ட உரம், ஒரு வாளி மண்ணு. அவ்வளவுதானா?” என்றான் தம்பி.

“உரம் பேசாது. அதான் அத வச்சேன்.”

கோணம் பார்க்க, வரைபலகையில் பாகைமானியை ஒட்டி, நூலில் ஓர் ஈயக் குண்டைத் தொங்கவிட்டு அச்சோடு கட்டினேன். தம்பி இடது கையால் சங்கிலியை இழுத்தான். டிரெக்டர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு சாய்ந்தது. இதில் பார்க்க வேண்டியது சங்கிலியை. டிரெக்டருக்குத் திரும்பி வர மனம் இருக்கும்வரை சங்கிலி இறுக்கமாக இருக்கும். கவிழத் தயாரானதும் தளரும். நான் ஒரு கையால் சங்கிலியைத் தொட்டுக்கொண்டு டிகிரியைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

“எட்டு… ஒம்பது… மெதுவா… பத்து…”

பதினொன்றில் தம்பி இழுப்பதை நிறுத்தினான். யாரும் சொல்லாமலே நிறுத்தினான். சங்கிலி இறுக்கமாகவே இருந்தது. விரலால் சுண்டினேன், அசையவில்லை.

“இழு.”

பன்னிரண்டு தாண்டியது. பதின்மூன்று, பதினான்கு. பதினைந்தரையில் என் விரலுக்குக் கீழே சங்கிலி கயிறுபோல் மெத்தென்று ஆனது. அடுத்த கணம் கம்பிவடம் ‘டங்’கென்று இறுகி டிரெக்டரைப் பிடித்துக்கொண்டது. குலையிலிருந்து நாலைந்து பழம் உதிர்ந்து சிமெண்டுத் தரையில் உருண்டது. “போதும், எறக்கு” என்றேன். பதினைந்தரை என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, நான்காக மடித்து, இன்ஜினியரின் சட்டைப் பையில் வைத்தேன். பிறகுதான் திரைக்குப் போனோம்.

கணக்கு முடிய ஆறு நிமிடம் இருந்தது. மூவரும் நின்றோம். கம்பி உருவத்தின் கீழே சரிவு ஏறிக்கொண்டே போனது. முன்பு கவிழ்ந்த இடத்தைத் தாண்டியது. பதினாறில் மேட்டுப் பக்கத்துச் சக்கரம் எழும்பியது.

இன்ஜினியர் துண்டுத் தாளைப் பிரித்துப் பார்த்தார். மேசையில் வைத்து நீவிவிட்டார்.

“அரை டிகிரி” என்றார். “அரையே அரை டிகிரி, கிராணியம்மா.”

தம்பிக்கு அதன் அருமை தெரியவில்லை. “அப்ப ஓட்டலாமா, ஓட்டக் கூடாதா? அதச் சொல்லுங்க முதல்ல” என்றான்.

அப்போதுதான் நான் உட்கார்ந்தேன். காலையிலிருந்து நாற்காலியைத் தொடவில்லை என்பதும், சாப்பாட்டு டப்பா திறக்காமலே இருப்பதும் நினைவுக்கு வந்தன. அழுகை வரும்போலிருந்தது. டப்பாவைத் திறந்து, இரண்டு பேருக்கு முன்னாலும், ஆறிப்போன சோற்றையும் கருவாட்டுக் குழம்பையும் சாப்பிட ஆரம்பித்தேன். அவ்வளவு ருசியான கருவாட்டுக் குழம்பை நான் அதற்கு முன்னும் வைத்ததில்லை, பின்னும் வைத்ததில்லை.

சாப்பிட்டுக்கொண்டே நிபந்தனைகளைச் சொன்னேன், இன்ஜினியர் எழுதினார். பன்னிரண்டு டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது. தும்பிக்கையை மேட்டுப் பக்கமாக மட்டுமே முழுக்க நீட்டலாம். பள்ளத்துப் பக்கத்துக் குலைகளை அடுத்த படியில் நின்று எடுக்க வேண்டும். கண்ணாடியில் பழகியதுபோல், தும்பிக்கையை அசைக்கும் நெம்பியை ஒரே இழுப்பாக இழுக்கக் கூடாது. சரிவில் நிற்கும் வண்டிக்கு வேகமும் ஒரு கனம்தான். தண்ணீரின் அளவை வண்டிப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும்.

கடைசி நிபந்தனைக்குத் தம்பி முகம் சுளித்தான்.

“தண்ணிய யாருக்கா எழுதுவா?”

“நீதான் எழுதுவ. நான் கோடு போட்டுத் தர்றேன்.”

மூன்று ஐம்பதுக்கு இன்ஜினியர் கையெழுத்துப் போட்டார். தாளை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். அந்த மனிதர் ஓடியதை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

என் ஒப்பீட்டு அறிக்கையை அன்று மாலையே எழுதி முடித்தேன். இரண்டு பக்கம். எது எதில் உயர்ந்தது என்று மேனேஜர் எதிர்பார்த்த அட்டவணை அதில் இருக்கவில்லை. கண்ணாடி டிரைவருக்கு, கை டிரெக்டருக்கு என்று எழுதினேன். எந்த நெம்பி எதை அசைக்கும், முதலில் எது, அடுத்து எது என்பதைக் கண்ணாடியில் பழகலாம், சமதரையில் மட்டும். எவ்வளவு சாயலாம், எவ்வளவு தூக்கலாம் என்பதை அதனிடம் கேட்கவே கூடாது. அதைக் கையிடம் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் வண்டியை ஓட்டுகிறவரிடம் கேட்க வேண்டும். கடைசி வாக்கியம் அறிக்கைக்குப் பொருந்தவில்லை என்று இன்ஜினியர் சொன்னார். பொருந்தாவிட்டாலும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நிறுவனம் இரண்டையும் வாங்கியது.

நாட்குறிப்பில் சிவப்பு மையால் ஒரு வரி எழுதினேன்: ‘டயரின் உள்ளே என்ன என்று கேட்கவில்லை. என் தவறு.’ சிவப்பு மையை வருடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் எடுப்பேன். அதை எழுதும்போது வெட்கம் இருந்தது, ஆனால் வலிக்கவில்லை. தவறு நடந்து முடிந்து, யாருக்கும் ஒன்றும் ஆகாமல், மை காய்கிற தாளில் அது பத்திரமாக இருந்தது. ஒன்பது மணிக்குப் படுத்தேன். படுத்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

மறுநாள், 19ஆம் தேதி, புதன்கிழமை. நான்கு மணிக்கு எழுந்துவிட்டேன். பஸ் இல்லாத நேரம். முதல்நாளே மண்டோரிடம் சொல்லி வைத்திருந்ததால் அவர் மோட்டாரில் வந்து ஏற்றிக்கொண்டு போனார். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள்கள் கூடுவதற்கு முன்பே மேட்டுக்காட்டில் இருந்தேன். வெளிச்சம் வந்ததும் வரைபலகையையும் ஈயக் குண்டையும் எடுத்தேன். டிரெக்டர் போகப்போகும் படியில் பத்தடிக்கு ஒருமுறை பலகையைத் தரையில் வைத்துச் சரிவை அளந்தேன். வரைபடம் பன்னிரண்டு என்று சொன்ன படி பெரும்பாலும் பத்தும் பத்தரையும்தான். மண் அரித்த ஓர் இடத்தில் மட்டும் பதின்மூன்று. அந்த இடத்துக்கு இருபதடி முன்னால் இருந்த செம்பனையின் அடியில், கொண்டுபோயிருந்த சுண்ணாம்பை அள்ளி இடுப்புயரத்துக்குப் பட்டையாகப் பூசினேன். தரையிலும் குறுக்கே ஒரு கோடு போட்டேன்.

ஏழு இருபதுக்குத் தம்பி டிரெக்டரோடு மேலே வந்தான். கோட்டைப் பார்த்ததும் எஞ்சினைத் தணித்தான்.

“என்னாக்கா இது? விடிஞ்சதும் காட்டுல கோலம் போட்டு வச்சிருக்க?”

“இதத் தாண்டாத. அவ்வளவுதான்.”

“தாண்டுனா?”

“நானே உன்னக் கம்பு பிடிக்க அனுப்பிருவேன்.”

அவன் சிரித்துக்கொண்டே டிரெக்டரைக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினான். தும்பிக்கையை மேட்டுப் பக்கம் திருப்பி, நெம்பியை மெதுவாக, முட்டையைத் தொடுவதுபோல் நகர்த்தி, முதல் குலையைத் தூக்கினான். நான் பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். நான்கு சக்கரமும் தரையில் இருந்தன. மணி ஏழு முப்பத்து மூன்று.